மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?

(டோம்பிவிலியில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள். ஆகவே முன்னுரையை நீட்டாமல் பொருளுக்கு வருகிறேன்.

தொழில்நுட்பச் செய்திகளைப் பற்றி நம் உறுப்பினர்கள் என்ன கருதுகிறார்கள், என்ன கருத வேண்டும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் பொறியாளன் அல்லன். தமிழ் படித்தவன், தீர்மானங்களையும் அறிக்கைகளையும் தமிழாக்கம் செய்வது கட்சி எனக்கு இட்ட பணி. எனவே தலைப்பின் இரண்டாம் பாதியை நாம் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். முதல் பாதியை மட்டும் நன்கறிவேன். நாள்தோறும் காலை வண்டியில் அதைத்தான் கேட்கிறேன்.

வண்டியில் கேட்கும் கருத்துகள் பல நிறத்தவை. "எல்லாம் எப்போதோ போய்விட்டது, இனி என்ன காப்பது" என்பார் ஒருவர். "சீனாக்காரன் செயலிதான் ஆபத்து, நம் ஊர்க்காரன் செய்ததில் என்ன" என்பார் மற்றொருவர். "இதெல்லாம் ஆங்கிலம் படித்தவர்களின் கவலை, குடிநீர் வராத ஊரில் இது ஒரு பிரச்சினையா" என்பார் மூன்றாமவர், அவர் பெரும்பாலும் நம் தோழராகவே இருப்பார். இவை எல்லாவற்றிற்கும் அடியில் ஒரே வாக்கியம் இருக்கிறது: "நான் தப்பு எதுவும் செய்யவில்லை, மறைப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?"

இந்தக் கேள்வியை நான் ஏளனம் செய்ய மாட்டேன். உழைத்துப் பிழைக்கும் மனிதரின் தன்மானம் அதில் இருக்கிறது. ஆனால் கேள்வி தவறான இடத்தில் நிற்கிறது. நம்மிடம் இரகசியம் இருக்கிறதா என்று அது கேட்கிறது. நம்மைப் பற்றிய பட்டியல் யார் கையில் இருக்கிறது, அதை வைத்து அவர் எதைச் செய்ய வல்லவர் என்று கேட்பதே நமக்குப் பொருந்தும்.

ஒரு சொல்லைப் பற்றி

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, பிரைவசி என்பது அரசமைப்புச் சட்டம் உறுதிசெய்யும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். ஆதாரை எதிர்த்து 2012இல் வழக்குத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி. அந்தச் சொல்லைத் தமிழில் எப்படித் தருவது என்பது எங்களைப் போன்றோருக்கு அன்று பெரும் தலைவலியாக இருந்தது. "அந்தரங்கம்" என்றால் படுக்கையறை நினைவுக்கு வருகிறது. "தனிமை" என்றால் யாருமற்ற நிலை. கடைசியில் "தனியுரிமை" நிலைபெற்றது. அப்போது மூத்த தோழர் ஒருவர் கேட்டார்: "தனியுடைமையை ஒழிக்க வந்த நாம் தனியுரிமையைக் காக்கப் போராடுவதா?" அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. காதில் விழும்போது இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போல்தான் இருக்கின்றன. உற்பத்திச் சாதனங்களின் மேல் ஒருவர் கொள்ளும் உடைமை பிறர் உழைப்பை ஆளும் அதிகாரம். தனியுரிமையோ பிறர் தன்னை ஆளாமல் தடுக்கும் உரிமை. கோடிக்கணக்கானோரின் தரவுகள் ஒரு நிறுவனத்தின் சொத்தாகக் குவியும்போது அங்கே தனியுடைமை வளர்கிறது, தனியுரிமை அழிகிறது. இவ்வளவும் சொன்ன பிறகுதான் அந்தத் தோழர் சொல்லை ஏற்றார். அதுவும் அரை மனத்தோடு.

அந்த வழக்கில் ஒன்றிய அரசு, 1954இலும் 1962இலும் வந்த தீர்ப்புகளைக் காட்டி, தனியுரிமை அடிப்படை உரிமையே அன்று என வாதிட்டது. இது மேட்டுக்குடியினரின் கருத்தாக்கம், ஏழைகளுக்கு வேண்டியது நலத்திட்டம் என்ற தோரணையும் அந்த வாதத்தில் இருந்தது. நீதிமன்றம் அதை நிராகரித்தது. ஏழைகளுக்குப் பொருளாதார நலன் போதும், குடியுரிமைகள் தேவையில்லை என்ற பல்லவி வரலாற்றில் பல கொடுமைகளுக்குத் துணைபோயிருக்கிறது என்று தீர்ப்பு சுட்டியது. வண்டியில் நம் மூன்றாவது தோழர் சொல்வது அரசு வழக்கறிஞரின் வாதம் என்பதை அவருக்கு எடுத்துரைப்பது நம் கடமை.

பெயர்கள் அச்சேறியபோது

மும்பைத் தமிழர்களுக்குப் பட்டியலின் பொருளை வெளியிலிருந்து யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1960களில் பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழில், நிறுவனங்களில் உயர்பதவி வகித்த மராத்தியர் அல்லாதோரின் பெயர்கள் வாரந்தோறும் அச்சாயின. அவற்றில் பெரும்பாலானவை தென்னிந்தியப் பெயர்கள். பகுதியின் தலைப்பு 'வாசா ஆணி தண்ட் பஸா'. படித்துவிட்டுச் சும்மா உட்காருங்கள் என்று பொருள் கொள்ளலாம். பிறகு அது 'வாசா ஆணி உட்டா', படித்து எழுங்கள் என்று மாறியது. 1966இல் சிவசேனை தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளில் உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டதையும், லுங்கி கட்டியவர் தெருவில் ஏளனத்திற்கு ஆளானதையும் இங்குள்ள மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். 1970 ஜூன் 5 அன்று கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் கொல்லப்பட்டது அந்தத் தொடரில்தான் வருகிறது.

மார்மிக்கில் வந்த பெயர்களில் எது இரகசியம்? எழுத்தர்களும் அதிகாரிகளுமாகிய அவர்கள் மறைப்பதற்கு எதுவுமற்றவர்கள். அலுவலகக் கதவிலும் தொலைபேசிக் கையேட்டிலும் இருந்த பெயர்களே அவை. அவற்றை ஒரு நோக்கத்தோடு திரட்டி, வரிசைப்படுத்தி, ஒரு தலைப்பின் கீழ் வைத்ததுமே அவை இலக்குகள் ஆயின.

1983 ஜூலையில் கொழும்பில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வீடு தமிழர் வீடு என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தின. மக்கள் வாக்களிப்பதற்காக, அதாவது ஜனநாயகத்திற்காக, உருவாக்கப்பட்ட பட்டியல் அது. இன்னொரு நாட்டில் இதற்கு நேர்மாறான செயல் ஒன்று நடந்தது. நாஜிகள் ஆக்கிரமித்த நெதர்லாந்தில் குடிமக்கள் பதிவேடு மிகத் துல்லியமானது. சமயமும் அதில் உண்டு. அமைதிக் காலத்தில் நல்ல நிர்வாகத்திற்காக உருவான முறை, யூதர்களைத் தேடிப்பிடிக்கப் பயன்பட்டது. 1943 மார்ச் 27 இரவு, வில்லெம் அரொண்டியஸ் என்னும் ஓவியரும் அவர் தோழர்களும் காவலர் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குள் புகுந்து அட்டைகளுக்குத் தீ வைத்தார்கள். எரிந்தது ஒரு பகுதிதான். அரொண்டியசையும் உடனிருந்த பலரையும் சுட்டுக்கொன்றார்கள். கலைஞர்கள் உயிரைப் பணயம் வைத்து அட்டைகளை எரிக்கச் சென்றது ஏன் என்பதை, மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களோடு சேர்ந்து யோசியுங்கள்.

பட்டியலே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். பட்டியலில் பெயர் ஏறுவதற்காக இந்த நகரத்தில் நாம் அரை நூற்றாண்டாகப் போராடியிருக்கிறோம். அந்தக் கதைக்கு இப்போது வருகிறேன்.

தாராவியின் இரண்டு கணக்கெடுப்புகள்

1976இல் மகாராஷ்டிர அரசு, அரசு நிலங்களில் இருந்த குடிசைகளைக் கணக்கெடுத்தது. கணக்கில் வந்தவர்களுக்குப் 'போட்டோ பாஸ்' கொடுத்தது. குடும்பத்தின் புகைப்படம் ஒட்டிய, முத்திரையிட்ட அந்தத் துண்டை எத்தனையோ வீடுகளில் தகரப் பெட்டிக்குள் திருமணப் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துக் காத்தார்கள். காகிதம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. அதே 1976 மே மாதம், நெருக்கடி நிலையின்போது, டிராம்பேயின் ஜனதா காலனி இடிக்கப்பட்டது. பெருமளவில் தமிழர்களாக இருந்த அம்மக்கள் சீத்தா கேம்புக்குத் துரத்தப்பட்டார்கள். செம்பூர்த் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் காகிதம் கையில் இருந்தது. வழக்கறிஞரிடம் காட்டலாம்; ஊர்வலத்தில் உயர்த்திப் பிடிக்கலாம்; அதிகாரி இல்லை என்று சொன்னால் "இதோ" என்று நீட்டலாம். தகுதிக்கான இறுதி நாள் 1985, 1995, 2000 என்று நகர்ந்தது அரசின் கருணையால் அன்று. அந்தக் காகிதங்களை ஏந்தி மக்கள் தெருவில் நின்றதால்.

இரண்டாவது கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அதானி குழுமம் பெற்றது. அதற்காக அமைந்த நிறுவனத்தில் அதானிக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. நிறுவனத்தின் பெயர் இப்போது நவ்பாரத் மெகா டெவலப்பர்ஸ். சந்துகளை லேசர் கருவியால் அளக்கிறார்கள். ஒவ்வொரு கட்டடத்திற்கும் எண் இடுகிறார்கள். பிறகு கைபேசிச் செயலியோடு வீடு வீடாக வந்து விவரம் கேட்டு, ஆவணங்களைப் படமெடுத்துச் செல்கிறார்கள்.

அந்தச் செயலியில் ஏறும் விவரத்தைப் பொறுத்துத்தான் ஒரு குடும்பத்தின் எதிர்காலம். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1க்குள் வந்தவருக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்கும் பிறகு 2022 நவம்பர் 15 வரை வந்தவரும், மாடியில் இருப்பவரும் வெளியே, வாடகை அடிப்படையில். ஏணி வைத்து ஏறும் மேல்தளத்தில் இருபது ஆண்டுகள் தையல் எந்திரம் மிதித்தவர் திட்டத்தின் கண்ணில் தரைத்தளத்துக்காரர் அல்லர், அவ்வளவுதான்.

இதில் மொழிக்காரனாகிய என் கண்ணில் படுவது ஒன்று உண்டு. நம் பெயர்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த சுடலைமுத்து மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் 'எஸ். முருகன்'. இங்கே படிவம் 'ஆட்நாவ்' கேட்கிறது. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கில்லை. ரேஷன் அட்டை எழுதியவர் தந்தை பெயரைக் கடைசியில் போட்டு 'முருகன் சுடலைமுத்து' ஆக்கினார். வாக்காளர் அட்டையில் சாதிப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆதாரில் முதலெழுத்து மட்டும். மின் கட்டண ரசீதில் தேவநாகரியிலிருந்து ஆங்கிலத்திற்குப் போய்த் திரும்பிய வேறோர் எழுத்துக்கூட்டு. பக்கத்து வீட்டாருக்கு நால்வரும் ஒரே முருகன். வார்டு அலுவலக எழுத்தரிடம்கூட அரைமணி நேரம் பேசிப் புரியவைக்கலாம். எந்திரத்திற்கு நால்வரும் நான்கு பேர். காகிதத்தில் பிழை இருந்தால் அதை நம் கண்ணால் பார்த்தோம், திருத்தக் கேட்டோம். வழங்கிக்குள் இருக்கும் பிழையை நாம் பார்ப்பதே இல்லை. "தகுதியில்லை" என்ற முடிவு மட்டும்தான் வீட்டுக்கு வந்து சேரும்.

ஆகவே, தோழர்களே, தாராவியில் தனியுரிமை என்பது படுக்கையறை இரகசியம் அன்று. அது வீட்டுமனைப் போராட்டத்தின் ஒரு பகுதி. என் வீட்டைப் பற்றி நீ எழுதியதன் படியை, நான் படிக்கும் மொழியில், உன் கையொப்பத்தோடு எனக்குக் கொடு என்பதே நம் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். 1976இல் அரசு அந்தத் துண்டைக் கொடுத்தது. எண்பது விழுக்காடு தனியாருக்குச் சொந்தமான நிறுவனம் லேசரோடு வரும்போது அதனினும் குறைவாக நாம் ஏன் ஏற்க வேண்டும்?

சட்டம் யாரிடம் இசைவு கேட்கிறது

"அதற்குத்தான் சட்டம் வந்துவிட்டதே" என்பார்கள். வந்திருக்கிறது. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. தரவைக் கேட்கும் நிறுவனம், எதற்காகக் கேட்கிறது என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் அதில் உண்டு. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் மகிழ்ந்தேன். பிறகு ஏழாவது பிரிவைப் படித்தேன்.

அந்தப் பிரிவு இசைவு கேட்காமலேயே தரவைக் கையாளக்கூடிய இடங்களைப் பட்டியலிடுகிறது. அரசு மானியமும் நலத்திட்டமும் வழங்குவதற்குக் கையாளலாம். "வேலைவாய்ப்பின் நோக்கங்களுக்காக"வும், வேலையளிப்பவரை இழப்பிலிருந்து காப்பதற்காகவும் கையாளலாம். அதாவது சோப்பு வாங்கும் நுகர்வோரிடம் இசைவு கேட்க வேண்டும். சோப்பு ஆலைத் தொழிலாளியிடம் முதலாளி கேட்க வேண்டியதில்லை. ரேஷன் வாங்கும் பெண்ணிடம் அரசு கேட்க வேண்டியதில்லை. தன் தரவு என்ன ஆயிற்று என்று கேட்டறியும் உரிமையையும் சட்டம் இசைவு தந்தவருக்கே தருகிறது. இசைவே கேட்கப்படாதவருக்கு அந்த உரிமையும் இல்லை. இவை போதாதென்று, தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு ஒன்றிய அரசு முழு விலக்கே அளிக்கலாம்.

இதைவிடக் கூர்மையான கத்தி சட்டத்தின் வாலில் இருக்கிறது. 44ஆவது பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்துகிறது. முன்பு தனிநபர் தகவல் என்றாலும் பொதுநலன் கருதி வெளியிடலாம் என்ற வாசகம் அந்த விலக்கின் உள்ளேயே இருந்தது. இப்போது "தனிநபர் தொடர்பான தகவல்" என்றாலே மறுக்கலாம். பொதுநலனுக்கான வேறொரு பிரிவு எஞ்சியிருக்கிறதே என்பது அரசின் பதில். நடைமுறையில், மறுக்க விரும்பும் அதிகாரிக்கு ஒரே வரி போதும். காலவரிசையையும் கவனியுங்கள். நிறுவனங்களின் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். தகவல் உரிமையின் கதவை அடைக்கும் திருத்தம் மட்டும் விதிகள் வெளியான உடனே அமலுக்கு வந்தது.

இதன் பொருளை அறிய ராஜஸ்தானுக்குப் போக வேண்டும். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் ஒரு மக்கள் விசாரணை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் வருகைப் பதிவேட்டை மக்கள் முன் உரக்கப் படித்தார்கள். வேலையே செய்யாதவர் பெயரில் கூலி, செய்தவருக்குக் குறைந்த கூலி என ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. அந்த இயக்கத்திலிருந்துதான் 2005இன் தகவல் உரிமைச் சட்டம் பிறந்தது. மார்மிக்கிலும் பெயர்களைத்தான் படித்தார்கள், கோட் கிரானாவிலும் பெயர்களைத்தான் படித்தார்கள். ஒன்றில் அதிகாரம் தேடியவர்கள் உழைத்துப் பிழைத்தவர்களைச் சுட்டினார்கள். மற்றொன்றில் உழைக்கும் மக்கள் அதிகாரத்தைக் கணக்குக் கேட்டார்கள். நம் தனியுரிமைக் கொள்கை இந்த வேறுபாட்டின் மீது நிற்க வேண்டும். புதிய சட்டம் அதைத் தலைகீழாக நிறுத்துகிறது.

நம் வாசலில்

டோம்பிவிலித் தோழர்களுக்குச் சற்றுக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மில் பலர் குடியிருப்புச் சங்கக் கட்டடங்களில் இருக்கிறோம். அங்கே வாயில் செயலிகள் வந்துவிட்டன. வீட்டுவேலை செய்யும் பெண் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எந்த வீடுகளுக்குப் போனார், எப்போது வெளியேறினார் என்பது பதிவாகிறது. அவர் புகைப்படம், கைபேசி எண், சில செயலிகளில் நட்சத்திர மதிப்பெண்! அவர் இரண்டு நாள் வராவிட்டால் இருநூறு வீட்டுக்காரர்களும் பார்க்கலாம். இருநூறு வீடுகளில் எந்த வீடு இரண்டு மாதச் சம்பளத்தைப் பாக்கி வைத்திருக்கிறது என்பதை அவர் பார்க்க அந்தச் செயலியில் இடமில்லை. இதற்குக் கைதூக்கிய பொதுக்குழுக் கூட்டங்களில் நம்மவர்களும் இருந்திருக்கிறார்கள். பாதுகாப்பு என்று சொன்னார்கள், தூக்கினோம்.

அதே டோம்பிவிலியில், எம்ஐடிசி பகுதியில், 2016 மே 26 அன்றும் 2024 மே 23 அன்றும் இரசாயன ஆலைகள் வெடித்தன. ஒவ்வொன்றிலும் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எந்த ஆலையில் எந்த இரசாயனம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பது பக்கத்துத் தெருவில் வசிக்கும் நமக்கு எந்தச் செயலியில் தெரிகிறது? பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் நடமாட்டம் நிமிடக் கணக்கில் பதிவாகும் ஊரில் இது நமக்கு உறைக்க வேண்டும்.

அங்கன்வாடி ஊழியர்கள் இதில் நமக்கு முன்னே போய்விட்டார்கள். 2021இல் போஷண் டிராக்கர் செயலி வந்தபோது அது ஆங்கிலத்தில் இருந்தது. அரசு கொடுத்த கைபேசிகளோ அந்தச் செயலியின் சுமை தாங்காதவை. விவரம் ஏற்றாவிட்டால் மதிப்பூதியத்தில் கை வைப்பார்கள் என்ற அச்சம் வேறு. அந்த ஆண்டு ஆகஸ்டில் மகாராஷ்டிரம் முழுவதும் அவர்கள் கைபேசிகளைத் திரட்டி அரசிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். இப்போது சத்துணவுப் பொட்டலம் பெற வரும் தாயின் முகத்தை எந்திரம் அடையாளம் காண வேண்டும் என்கிறார்கள். முகம் பொருந்தாவிட்டால் திட்டு வாங்குபவர் செயலி செய்தவர் அல்லர். வாசலில் நிற்கும் ஊழியர்.

"நம்ம ஆள்" என்னும் ஆறுதல்

சீனச் செயலிகள் பற்றிய கருத்தை விரைவாகக் கடக்கிறேன். 2020 ஜூனில் டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தார்கள். அதன்பின் நம் தரவைச் சேர்ப்பது நின்றதா? சேர்ப்பவர் மாறினார். வாட்ஸ்அப்பின் 2021ஆம் ஆண்டுக் கொள்கைக்காக மெட்டா நிறுவனத்தின் மேல் போட்டி ஆணையம் 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த நிறுவனத்தின் வருமானத்தில் அது சில்லறை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சர்கள் பரிந்துரைக்க, தமிழ்நாட்டின் ஜோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' செயலிக்கு ஓர் அலை எழுந்தது. பெயர் தமிழில் இருந்ததால் நமக்கும் ஒரு பூரிப்பு. ஆனால் அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நிறுவனம்கூடப் படிக்க முடியாத மறையாக்கம், அந்த அலை எழுந்த நாட்களில், அதன் எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. பெயர் எந்த மொழி என்று பார்ப்பதற்கு முன் சாவி யாரிடம் என்று பார்க்கலாம்.

"எல்லாம் போய்விட்டது" என்னும் சோர்வுக்குப் பதிலாக ஒரு செய்தி. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை, புதிய கைபேசி ஒவ்வொன்றிலும் 'சஞ்சார் சாத்தி' என்னும் அரசுச் செயலியை 90 நாட்களுக்குள் முன்கூட்டியே பதித்துத் தர வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்கக் கூடாது என்று ஆணையிட்டது. நாடாளுமன்றத்திலும் வெளியிலும் எதிர்ப்பு எழுந்தது. ஆப்பிள் நிறுவனம் இணங்கப் போவதில்லை என்ற செய்தியும் வந்தது. முதலாளிகளுக்குள் உள்ள முரண்பாடும் சில நேரம் பயன்படுகிறது. டிசம்பர் 3 அன்று கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

எடுப்பதும் வைப்பதும்

இன்னொன்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது. கணினியிலிருந்து எடுப்பதைப் பற்றியே இதுவரை பேசினோம். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டின் பழங்குடி மக்களோடு வாழ்ந்த அருட்தந்தை ஸ்டேன் சுவாமியை 2020 அக்டோபர் 8 அன்று பீமா கோரேகான் வழக்கில் கைது செய்தார்கள். அப்போது அவருக்கு 83 வயது. இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத தலோஜா சிறையில், நடுங்கும் கையால் தம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சுகுழாய் உள்ள குவளைக்காக அவர் மனுப் போட வேண்டியிருந்தது. பிணை கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனை ஒன்றில் மறைந்தார். அதே வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியைப் பற்றி 2021இலும், ஸ்டேன் சுவாமியின் கணினியைப் பற்றி 2022 டிசம்பரிலும் ஆர்சனல் கன்சல்டிங் என்ற அமெரிக்கத் தடயவியல் நிறுவனம் அறிக்கை தந்தது. தொலைவிலிருந்து அந்தக் கணினிகளுக்குள் புகுந்த ஒருவர் ஆவணங்களை உள்ளே வைத்திருக்கிறார் என்பது அதன் முடிவு. தேசியப் புலனாய்வு முகமை இதை ஏற்கவில்லை. ஆனால் அறிக்கை நம் முன் வைக்கும் கேள்வி எளியது. மறைக்க எதுவுமில்லாத மனிதரின் கணினியிலும் பிறர் எதையாவது வைக்க முடியுமானால், ஒளிவுமறைவற்ற வாழ்க்கை அவரைக் காக்குமா?

இனி நம் வீட்டுக்கே வருவோம். கிளை உறுப்பினர் பட்டியல் இப்போது எங்கே இருக்கிறது? வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமாக. அந்தக் குழுவில் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் கட்சியை விட்டுப் போய் இரண்டாண்டு ஆகிறது, எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. செய்தியின் உள்ளடக்கம் மறையாக்கத்தில் இருந்தாலும், யார் எந்தக் குழுவில் இருக்கிறார்கள், யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்பது நிறுவனத்திற்குத் தெரியும். மேலும், பறிமுதல் செய்த ஒரே ஒரு கைபேசி திறந்துவிட்டால் மறையாக்கத்தால் பயனில்லை. வேலைநிறுத்த ஆயத்தக் கூட்டத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் முகம் தெரியப் படமெடுத்து, கூட்டம் முடியும் முன்னே முகநூலில் ஏற்றுகிறோம். மறுநாள் காலை மேற்பார்வையாளர் அதைத்தான் முதலில் பார்க்கிறார். நம் ஆர்வம் அவர்களுடைய வேலையைப் பறிக்கக் கூடாது. ஒப்பந்தத் தொழிலாளர் முகங்களை அவர்கள் கேட்டுக்கொண்டாலன்றி வெளியிடுவதில்லை என்பதையும், உறுப்பினர் பட்டியலைக் குழுக்களில் பகிர்வதில்லை என்பதையும் இந்தக் கூட்டம் இன்றே முடிவு செய்யலாம். மாவட்டக் குழு வரை காத்திருக்கத் தேவையில்லை.

குடியிருப்புகளில் வாயில் செயலி பற்றிய பேச்சு வரும்போது, வீட்டுவேலைத் தொழிலாளர்களையும் அந்தக் கூட்டத்திற்கு அழைத்துக் கேட்க வேண்டும் என்ற ஒரு தீர்மானத்தையாவது நம் தோழர்கள் முன்மொழிய வேண்டும். தோற்கும். பரவாயில்லை, குறிப்பேட்டில் ஏறட்டும்.

தாராவிக் கணக்கெடுப்பாளர் வரும்போது கேட்க வேண்டியவற்றை இரண்டு பக்கத் துண்டறிக்கையாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். படி கேட்பது, பெயர் வேறுபாட்டுக்கு உறுதிமொழிப் பத்திரம் தயாராக வைப்பது, வருபவர் அடையாள அட்டையைக் குறித்துக்கொள்வது, மாடியில் இருப்போரைத் தனியே பதியச் சொல்வது ஆகியன அதில் உள்ளன. மராத்தி வடிவத்தை நான் செய்தேன்; எழுத்துப் பிழை பார்க்க மராத்தித் தோழர் ஒருவர் வேண்டும். இந்தி இன்னும் ஆகவில்லை. சில இடங்களில் என் நடை ஏட்டுத்தமிழாக இருப்பதாக மனைவி சொல்கிறார். 90 அடி சாலைப் பகுதித் தோழர்கள் இருவர் இன்று இரவுக்குள் படித்துப் பார்த்து, புரியாத சொல்லை அடித்துப் புரியும் சொல்லை எழுதித் தந்தால், செவ்வாயன்று அச்சுக்குக் கொடுத்துவிடலாம். கையெழுத்துப் படிகள் மேசைமேல் இருக்கின்றன.